உரிந்த சுவரோவியத்தை மீட்டது: ஒரு மேற்குச் சுவரின் வேலைப் பதிவு

சென்னையில் தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம் உள்ள குடியிருப்பு ஒன்றின் பக்கச்சுவர். மேற்குப் பார்த்தது. 30 அடி அகலம், 38 அடி உயரம். 1,140 சதுர அடி. மீன்கூடையை இடுப்பில் அணைத்து நிற்கும் ஒரு பெண், அவள் முந்தானையைப் பிடித்தபடி இரண்டு பிள்ளைகள், பின்னால் கடல். வரைந்த பிறகு நான்கு மழைக்காலம் போயிருக்கிறது. பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. பெண்ணின் இடது தோளில் தாம்பாளம் அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் இருந்து கடலுக்குள் மூன்று கறுப்புக் கோடு இறங்கியிருக்கிறது. சிவப்புச் சேலை வெளிறி ரோஜா நிறமாகிவிட்டது.

"பெயிண்ட் மட்டம், அதான் உரிஞ்சிருச்சு" என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். பெயிண்ட் நல்லதுதான். உதிர்ந்த செதில் ஒன்றை எடுத்து முதுகைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரியும். முதுகில் மணலும் சிமெண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் பூச்சு சத்தில்லாமல் போய்விட்டது. வழவழவென்று வெறும் பெயிண்டாக வந்தால் அடியில் தூசி இருந்திருக்கிறது, அல்லது பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பிரைமர் அடிக்கவில்லை. வெள்ளை மாவு படிந்து வந்தால் உப்பு. இந்தச் சுவரில் மூன்றும் இருந்தன: அடிப்பட்டையில் உப்பு, தோளில் செத்த பூச்சு, சேலை ஓரக் கோடுகளில் பிடிமானமில்லாத பெயிண்ட்.

பொது இடத்துச் சுவரோவியம் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். சுவருக்குள் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்காமல் மேலே வண்ணம் அடித்தால் அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் அதே அளவுக்கு உரியும். அதனால் இந்த வேலையில் முதல் பத்து நாள் எந்த ஓவியரும் பிரஷைத் தொடவில்லை.

சுவரைச் சோதித்தது

சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. சுத்தியலின் மரப்பிடியால் ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு. கெட்டியான இடம் 'டக்' என்னும். பூச்சு செங்கல்லை விட்டு விலகிய இடம் பானையைத் தட்டினாற்போல ஒலிக்கும். அந்த ஒலி வந்த இடத்தையெல்லாம் சாக்குக்கட்டியால் வட்டமிட்டோம். அடியில் 4 அடி உயரத்துக்குச் சுவரின் நீளம் முழுக்க, அதாவது 120 சதுர அடி. தோளில் 35. கைப்பிடிச்சுவரின் கீழே 40. மொத்தம் 195 சதுர அடி பூச்சை வெட்டி எடுக்க வேண்டும்.

அடுத்தது பாலிதீன் சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தாள், நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப், ஒரு முழு நாள். பிரிக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரின் உள்ளிருந்து வருகிறது. 2 அடி உயரத்தில் ஒட்டிய தாள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. 10 அடி உயரத்தில் ஒட்டியது உலர்ந்திருந்தது. தோளுக்குப் பக்கத்தில் ஒட்டியதில் ஓர் ஓரம் மட்டும் பனித்திருந்தது. அந்த ஓரத்துக்கு நேர் பின்னால் மூன்றாம் தளத்தின் குளியலறை.

பழைய வண்ணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, கத்தியால் பெருக்கல் குறி கீறி, அகலமான செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். டேப்போடு வந்தால் சுரண்டியாக வேண்டும். வராவிட்டால் அப்படியே விடலாம். பெண்ணின் முகத்தில் ஆறு இடத்தில் இழுத்தும் ஒரு துளி வரவில்லை. அந்த முகத்தைத் தொடுவதில்லை என்று அப்போதே முடிவாயிற்று. கறுப்புத் துணியால் கடல் பகுதியைத் துடைத்தால் நீல மாவு ஒட்டியது. வெயிலில் பிசின் சிதைந்து நிறமி தூளாகிவிட்டது என்று அதற்குப் பொருள். இதன்மேல் நேராக எந்தப் புது வண்ணம் அடித்தாலும் மாவின் மேல் அடித்ததாகத்தான் இருக்கும்.

மூன்று நீர்வழி

கைப்பிடிச்சுவரின் மேற்பரப்பில் விரல் நுழையும் வெடிப்பு. அதில் ஓர் அரசங்கன்று, ஒன்றரை அடி உயரம். கன்றை வெட்டிவிட்டால் வேர் உள்ளே இருந்து மறுபடி துளிர்க்கும். கல்லுப்பைக் கொட்டினால் செத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், உப்புதான் சுவருக்கே எமன். வெடிப்பை உளியால் அகலப்படுத்தி, வேரை நுனிவரை பிடுங்கி, தூசியை ஊதி, லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் கலவையால் அடைத்தோம். பிறகு கைப்பிடிச்சுவரின் மேற்பரப்பு முழுவதையும் மொட்டைமாடிப் பக்கம் சரிவு வைத்துப் பூசி, ஓவியப் பக்கம் ஓர் அங்குலம் வெளியே நீட்டி, அந்த நீட்டலின் அடியில் ஒரு விரல் அகலப் பள்ளக்கோடு இழுத்தோம். மழைநீர் அந்தக் கோட்டில் வந்து சொட்டிவிடும். சுவரோடு ஒட்டி வழியாது. கடலில் இறங்கிய மூன்று கறுப்புக் கோடுகளுக்கும் இதுதான் மருந்து. செலவு மிகக் குறைவு. வரைவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

தோளுக்குப் பின்னால் இருந்தது குழாய் இணைப்பு ஒழுகல். குளியலறைத் தரையில் ஓடு பெயர்த்து இணைப்பை மாற்றிய பிறகு அந்த இடம் உலர மூன்று வாரம் ஆனது. அந்த வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது. பழுதுக்கு வருகிறவர்கள் வெளிச்சுவரோடு நின்றுவிடுவது இதனால்தான்: உள்ளே ஒரு குடும்பத்தின் குளியலறையை மூன்று நாள் மூட வேண்டியிருக்கும், அதற்குப் பேசி இணங்க வைக்க வேண்டும், மாற்று ஏற்பாடு செய்து தர வேண்டும். பட்ஜெட்டில் இதற்குத் தனியாக ஒரு வரி எழுதி வைப்பது நல்லது.

மூன்றாவது ஓதம். தரையீரம் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. ஏறும் தண்ணீரில் கரைந்த உப்பு, தண்ணீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகிறது. பெயிண்ட் படலம் வழியை மறித்தால் படிகம் அந்தப் படலத்துக்குப் பின்னால் வளர்ந்து அதைத் தள்ளி உடைக்கும். இந்தக் குடியிருப்பில் அஸ்திவாரத்தில் ஈரத்தடை அடுக்கு வேலை செய்யவில்லை. அதைப் புதிதாகப் போடுவது ஓவியப் பழுதுக்குள் அடங்காத கட்டட வேலை. ஈரம் புகாத பெயிண்ட் அடித்துவிடலாம் என்று யோசனை வந்தது. அடித்தால் ஓதம் நிற்காது. இன்னும் இரண்டு அடி மேலே ஏறி முகத்தை நோக்கிப் போகும்.

அதனால் எடுத்த முடிவு: கீழ் 4 அடியில் ஓவியமே வேண்டாம். அந்தப் பட்டையில் சுவர் மூச்சு விடட்டும். பூச்சில் சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6. மேலே வெறும் சுண்ணாம்பு அடிப்பு, காவி நிறத்தில். உப்பு பூத்தால் உலர்ந்த தேங்காய்நார் பிரஷால் தட்டிவிட்டு மறுபடி ஒரு கை அடித்துக்கொள்ளலாம். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் பட்டையாக அடிப்பவர்கள் வருஷம் தவறாமல் புதுப்பிக்கிறார்கள். இந்த வீட்டார்களும் போகிக்கு முன் வெள்ளையடிக்கிறவர்கள்தான். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில், அவர்களுக்குத் தெரிந்த வேலையாகவே அந்தப் பட்டை இருந்தால் அதைப் பராமரிக்க யாரையும் கூப்பிட வேண்டாம்.

ஆனால் பிள்ளைகளின் கால்கள் அந்தப் பட்டைக்குள் இருந்தவை. காவிப்பட்டையை ஒரு படகின் பக்கவாட்டாக மாற்றிவிட்டால் பிள்ளைகள் படகுக்குப் பின்னால் நிற்பதாக ஆகிவிடும், கால் தெரிய வேண்டியதில்லை. படகின் மேல்விளிம்பு மட்டும் 4 அடிக்கு மேலே, எமல்ஷனில். குப்பத்துப் படகுகளும் பட்டை பட்டையாக ஒரே நிறம் அடித்தவைதாம், கண்ணுக்கு உறுத்தாது.

யாரைக் கேட்டு மாற்றுவது

இந்த யோசனையை உடனே செய்துவிட முடியாது. மூன்று தரப்பின் எழுத்து வேண்டும்.

கட்டட உரிமையாளர்: வாரியக் குடியிருப்பு என்றால் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (2021 வரை குடிசை மாற்று வாரியம் என்ற பெயர்), தனியார் அடுக்ககம் என்றால் குடியிருப்போர் சங்கம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959 முதலே சட்டம் இருக்கிறது. வாய்ப்பேச்சுச் சம்மதத்தை நம்பிச் சாரம் கட்டக் கூடாது. சாரம் தெருவில் 4 அடி பிடிக்கும் என்பதால் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தனித்தனிக் கடிதம். 3 மீட்டருக்குள் மின்கம்பி போனால் மின்வாரியத்துக்கும்.

இரண்டாவது, வரைந்த ஓவியர். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்திருந்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979ல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005ல் தில்லி உயர்நீதிமன்றம் சிற்பத்தின் மிச்சத்தை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. அடிப்படை, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு: படைப்பைச் சிதைத்தாலோ திரித்தாலோ தடுக்கும் உரிமை படைத்தவருக்கு, அதை விற்ற பிறகும் உண்டு. ஆகவே பழுதுபார்க்கும் படங்களையும் படகு யோசனையின் வரைவையும் ஓவியருக்கு அனுப்பி, 'இந்த இந்த மாற்றத்துக்குச் சம்மதம்' என்று எழுதி வாங்கினோம். அவர் ஒரு திருத்தம் சொன்னார்: சின்னப் பிள்ளையின் ஒரு கை படகு விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். அதை அவரே வரைந்து அனுப்பினார். அந்த வரைவுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். அதை உதவி என்று கணக்கெழுதக் கூடாது.

மூன்றாவது, சுவருக்கு எதிரே தினமும் கதவைத் திறப்பவர்கள். கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் 2020ல் பெரிய ஓவியங்கள் வந்த பிறகு, நகரத்தில் எங்கே சுவர் வரைந்தாலும் படம் எடுக்க வெளியாட்கள் வருவது வழக்கமாகிவிட்டது. அது நல்லதுதான். ஆனால் படம் எடுப்பவர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார், எதிர்வீட்டுக்காரர் இருபது வருடம் பார்ப்பார். தண்ணீர்க் குழாயடியில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வரைவைக் காட்டியதில் கிடைத்த திருத்தம், கூடையில் இருந்த மீன்கள். அவை ஆற்றுக் கெண்டை போல இருப்பதாகவும், கடல் பெண்ணுக்குச் சங்கராவும் வஞ்சிரமும் வேண்டுமென்றும் சொன்னார்கள். கூடைப் பகுதியும் சுரண்ட வேண்டிய பகுதிதான். மாற்றிவிட்டோம், ஓவியர் சம்மதத்தோடு.

பூச்சும் காத்திருப்பும்

மேல்பகுதி 75 சதுர அடிக்கு சிமெண்ட், மணல் 1:4, 15 மில்லிமீட்டர் தடிமன். அடிப்பட்டைக்குச் சுண்ணாம்புக் கலவை, கொஞ்சம் கூடுதலாக 18 மில்லிமீட்டர். மொத்தமாகச் செலவானது சிமெண்ட் 2 மூட்டை, நீர்த்த சுண்ணாம்பு 25 கிலோ, பூச்சு மணல் 12 கனஅடி. கடையில் பி-சாண்ட் (பூச்சுக்கென்று அரைத்த மணல்) என்று கேட்க வேண்டும். கொட்டிக் கிடக்கும் ஏதோ மணலை வாங்கினால் அதில் உவர் இருக்கக்கூடும். வெட்டி எடுத்த உப்பைக் காசு கொடுத்துத் திரும்பச் சுவரில் ஏற்றியதாகிவிடும்.

பழைய உப்பை எடுப்பதில் ஒரே விதி: முதலில் உலர் பிரஷ். தண்ணீர் பீய்ச்சினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். உதிர்த்த உப்பைக் கீழே விரித்த தார்ப்பாயில் பிடித்து வாரி வெளியே கொட்ட வேண்டும்; சுவரோரம் விட்டால் அடுத்த மழைக்கு அதே செங்கல் உறிஞ்சும். ஆசிட் ஊற்றித் தேய்ப்பது பல இடங்களில் நடக்கிறது. ஆசிட் பூச்சில் உள்ள சுண்ணாம்பைத் தின்று, கூடவே குளோரைடு உப்பையும் விட்டுச் செல்லும்.

புதுப் பூச்சுக்கு 7 நாள் தண்ணீர் ஊற்றி, அதோடு சேர்த்து மொத்தம் 28 நாள் விட வேண்டும். பச்சைச் சிமெண்டில் காரம் கடுமையாக இருக்கும். அது அக்ரிலிக்கின் நிறமியை வெளுக்கும், எண்ணெய் எனாமலைச் சோப்பாகவே மாற்றிவிடும். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டுப் பின்னால் இருந்து நாளை எண்ணுகிறவர்கள் இந்த 28 நாளைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டினால் வண்ணம் ஒரு வருடம் தாங்காது.

இந்த நாட்களில் சாரத்தைப் பிரித்து மறுபடி கட்டுவதைவிட மாத வாடகை பேசி நிறுத்தி வைப்பது மலிவாக வந்தது. ஆனால் நிற்கும் சாரத்தில் பிள்ளைகள் ஏறுவார்கள். கீழ் ஏணியைக் கழற்றி உள்ளே வைத்து, முதல் தட்டு உயரம் வரை பலகை அடித்து மூடினோம். சாரம் இரும்புக் குழாய். சவுக்குக் கம்பு இந்த உயரத்துக்குப் போதும் என்று கட்டுபவர்கள் சொன்னாலும், ஓவியர் ஒரே தட்டில் மணிக்கணக்காக முன்னும் பின்னும் நடப்பார், வெள்ளையடிப்பவரைப் போல அடித்துவிட்டு நகர்ந்து போக மாட்டார். ஆட்டமில்லாத தட்டு வேண்டும். தட்டுக்குத் தட்டு 6 அடி, மூன்று பலகை அகலம், இடுப்பு உயரத்தில் ஒரு தடுப்புக் குழாய், முழங்கால் உயரத்தில் ஒன்று, டப்பா உருண்டு விழாமல் ஓரத்தில் அரையடிப் பலகை. விழுந்தால் தாங்கும் முழு உடல் கச்சை, கொக்கி தலைக்கு மேலே.

வண்ணம் சேர்த்தல்

காத்திருந்த நான்கு வாரமும் வீணாகவில்லை. பழைய ஓவியத்தில் எந்த வண்ணத்துக்கும் ஷேடு எண் குறித்து வைக்கவில்லை. 14 வண்ணங்களையும் கண்ணால்தான் பிடிக்க வேண்டியிருந்தது. முதலில் சுவரைக் கழுவிய பிறகே வண்ணம் பார்க்க வேண்டும். அழுக்கோடு பார்த்துக் கலக்கினால் அழுக்கு நிறம்தான் வரும். ஈர அக்ரிலிக் உலர்ந்தால் ஒரு படி இருளும். ஆகவே அட்டையில் பூசி, முழுக்க உலரவிட்டு, சுவரோடு சேர்த்துப் பிடித்து, காலை நிழலிலும் மாலை 4 மணி வெயிலிலும் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒத்துப் போனால்தான் ஒத்தது.

வெளிறாத வண்ணம் எது என்பதில் கடைக்காரரை மட்டும் நம்ப வேண்டாம். காவி, மஞ்சள் காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள், டைட்டானியம் வெள்ளை, கார்பன் கறுப்பு, தாலோ நீலம், தாலோ பச்சை ஆகியவை மேற்கு வெயிலைத் தாங்கும். பளீர் சிவப்பு, பளீர் மஞ்சள், ரோஜா, ஊதா இவைதாம் முதலில் போகும். அந்தச் சேலை போனது அதனால்தான். புதுச் சேலைக்கு அடியில் காவியை இரண்டு கை அடித்து, மேலே சிவப்பு. மேல் சிவப்பு நாளடைவில் மெலிந்தாலும் அடியில் செங்கல் நிறம் ஏந்தி நிற்கும், ரோஜாவாகிவிடாது. வண்ணம் அடர்த்தியாக வர வேண்டுமென்று ஸ்டெயினரை (பெயிண்டில் கலக்கும் நிறச் சாறு) டப்பா டப்பாவாக ஊற்றுவது இன்னொரு பழக்கம். மொத்த அளவில் நூற்றுக்கு மூன்று, மிஞ்சினால் ஐந்து பங்குக்கு மேல் போனால் படலம் சரியாக உலராது, முதல் மழையில் வண்ணம் வழியும்.

வாங்கியது: வெளிச்சுவர் அக்ரிலிக் பிரைமர் 12 லிட்டர், கடலுக்கும் வானத்துக்கும் மூன்று நீலம், மொத்தம் 12 லிட்டர், வெள்ளை 4 லிட்டர், மற்ற பத்து நிறம் ஒவ்வொரு லிட்டர், நிறமில்லா சீலர் (பரப்பை இறுக்கிப் பிடிக்கும் பூச்சு) 4 லிட்டர். சொரசொரப்பான பூச்சில் லிட்டருக்கு இரண்டு கையாக 50 சதுர அடிதான் வரும். டப்பாவில் அச்சிட்ட கணக்கு வழுவழுப்பான சுவருக்கு. ஒரே நிறத்தில் இரண்டு டப்பா இருந்தால் இரண்டையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்த பிறகே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது டப்பா தொடங்கிய இடம் கடலுக்கு நடுவே கோடாகத் தெரியும்.

வரைந்த நாட்கள்

பொங்கல் கழிந்து மார்ச் நடுவரை சென்னையில் சுவர் வேலைக்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் உலர்ந்திருக்கும். கோடை இன்னும் தகிக்காது. மேற்குச் சுவர் என்பதால் காலை பனி உலர்ந்த 8 மணியிலிருந்து 12 வரை வேலை. பிற்பகலில் சுவரில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் அடித்தால் ரோலர் விலகுவதற்குள் வண்ணம் காய்ந்து, அடுத்த இழுப்போடு சேராமல் வரி வரியாக நிற்கும்.

கடல் பகுதியைப் பிரைமரோடு முழுக்கப் புதிதாக அடித்தோம். உருவங்களில் நல்ல நிலையில் இருந்த இடங்களைத் தொடவில்லை. சீலரில் தண்ணீர் கலந்து மெல்லிசாக ஒரு கை மட்டும். பழைய ஓரக்கோடுகள் கறுப்பு எனாமலில் இருந்தன. எனாமல் நாளாக ஆக விறைக்கும், அடியில் உள்ள அக்ரிலிக் வெயிலில் விரிந்து சுருங்கும். விறைத்த கோடு வெடித்து, போகும்போது அடி வண்ணத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். எல்லாக் கோட்டையும் சுரண்டி 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் கறுப்பில் திரும்ப எழுதினோம்.

தொலைந்த பகுதிகளைத் திரும்ப இடத்தில் வைக்க, கட்டம்தான். பட்டை போக மீதி 34 அடி உயரத்துக்கு 2 அடிக் கட்டம்: குறுக்கே 15, நெடுக்கே 17, மொத்தம் 255. நடுக்கோட்டைத் தூக்குக்குண்டு விட்டுப் போட வேண்டும், கட்டட ஓரத்தை நம்பக் கூடாது. இந்தச் சுவரின் ஓரம் உச்சிக்கும் அடிக்கும் 2 அங்குலம் சாய்ந்திருந்தது. நூல் அடிக்க நீலப்பொடி. சிவப்புப்பொடி வெள்ளைக்குள் ஊறி வெளியே தெரியும். புரொஜெக்டர் வைத்தால் ஒரே இரவில் முடியுமே என்றால், 30 அடி அகலப் படம் விழச் சாதாரணப் புரொஜெக்டருக்கு 45 அடி தூரம் வேண்டும். எதிரே தெரு 15 அடிதான்.

கட்டம் போட்டுச் சுவரில் முகம் ஏற்றுவது சென்னைக்குப் புதிதில்லை. சினிமா பேனர்களை இப்படித்தான் வரைந்தார்கள். பிளெக்ஸ் அச்சு வந்து அந்தத் தொழில் போன பிறகு, 2009ல் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க ஓவியம் வரையச் செய்தபோது பேனர் ஓவியர்களுக்குக் கொஞ்சம் வேலை கிடைத்தது. பெரிய சுவர் வேலை எடுப்பவர்கள் அந்தத் தலைமுறைக் கை ஒன்றையாவது குழுவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரை அங்குலப் படத்தை 8 அடியாக்கும்போது கண் எங்கே ஏமாறும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த முகம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாரத்தில் நேருக்கு நேர் நின்று பார்த்தால் முகவாயும் நெற்றியும் நீண்டு, முகம் பிழையாகத் தெரிகிறது. இளைய ஓவியர் ஒருவர் கன்னக்கோட்டைத் திருத்தப் போனார். இறங்கி எதிர்வீட்டு வாசலில் நின்று பார்க்கச் சொன்னதும் விட்டுவிட்டார். வாசலில் நிற்பவரின் கண் 5 அடி உயரத்தில், சுவர் 15 அடி தூரத்தில். கண்மட்டத்தில் உள்ள 2 அடிக் கட்டம் அவர் பார்வையில் ஏழரைப் பாகை அளவு இடம் பிடிக்கும். 30 அடி உயரத்தில் உள்ள அதே கட்டம் 2 பாகைகூடப் பிடிக்காது. நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். முதலில் வரைந்தவர் இதைக் கணக்கிட்டு மேலே போகப் போக முகத்தை இழுத்திருக்கிறார். அளவைச் 'சரி' செய்திருந்தால் தெருவில் நிற்பவருக்குத் தட்டையான முகம்தான் கிடைத்திருக்கும். பழுதுபார்க்க வருபவர் சாரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து ஒருபோதும் திருத்தக் கூடாது. மக்கள் நிற்கும் இடத்திலிருந்து எடுத்த படம்தான் அளவுகோல்.

தோளில் வேறொரு சிக்கல். 35 சதுர அடிப் புதுப் பூச்சின் மேல் புதுத் தோல் நிறம், சுற்றிலும் நான்கு வருட வெயில் பட்ட பழைய நிறம். அட்டையில் ஒத்துப்போன நிறம், மாலை வெயில் சாய்ந்து விழுந்தபோது ஒட்டுப்போட்ட துணி போலத் தெரிந்தது. நிறம் ஒத்திருந்தும் பூச்சின் சொரசொரப்பு வேறு. இரண்டு செய்தோம். தெளிமணல் கலந்த பிரைமரைக் கட்டைப் பிரஷால் குத்திக் குத்திப் பழைய பரப்பின் சொரசொரப்பைக் கொண்டுவந்தது ஒன்று. வண்ணத்தை ஒட்டின் எல்லையில் நிறுத்தாமல், ரவிக்கை விளிம்பு வரை, கழுத்து மடிப்பு வரை, அதாவது அடுத்த வடிவம் தொடங்கும் கோடு வரை கொண்டுபோய் நிறுத்தியது இன்னொன்று. கண் வடிவத்தின் எல்லையில் நிறமாற்றத்தை ஏற்றுக்கொள்ளும். வடிவத்தின் நடுவில் ஏற்காது.

ஸ்பிரே கேன் நுரைத் திவலைகளுக்கும் கூடை நிழலுக்கும் மட்டும். 400 மில்லி கேன் ஒன்று 15 முதல் 20 சதுர அடிக்குத்தான் வரும். துணி முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிப்பான் வைத்த கவசம் வேண்டும்.

மேலே காப்புப் பூச்சாக நிறமில்லா அக்ரிலிக், பளபளப்பு இல்லாதது, மெல்லிசாக இரண்டு கை, அடிப்பட்டை நீங்கலாக. முதலில் ஒரு சதுர அடியில் அடித்து ஓர் இரவு விட்டுப் பார்த்தோம். பால் போல வெளுத்தால் சுவரில் ஈரம் இன்னும் இருக்கிறது. தோள் ஒட்டில் லேசாக வெளுத்தது. அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் பத்து நாள் கொடுத்தோம். சாரத்தில் ஒரு நெடுவரிசையை அதற்காகவே விட்டு வைக்க வேண்டியதாயிற்று.

அடிப்பட்டைக்கு முந்தின இரவு ஊறவைத்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, பால் பதத்தில், சுண்ணாம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் ரெட் ஆக்சைடு. ஈரப்படுத்திய சுவரில் மூன்று கை. முதல் கை ஒன்றுமே தெரியாது. உலர உலரத்தான் நிறம் ஏறும். இதை அங்கே குடியிருக்கும் மூன்று பேரே அடித்தார்கள். அளவு எழுதிய தாளும் தேங்காய்நார் பிரஷும் அவர்களிடமே இருக்கின்றன.

விட்டு வந்தவை

14 வண்ணத்திலும் அரை லிட்டர், காற்றுப் புகாத டப்பாவில், மூடியில் ஷேடு எண்ணும் தேதியும் எழுதி, சங்க அறையில். எந்த வண்ணம் எந்தக் கட்டத்தில் என்று காட்டும் 255 கட்ட வரைபடம் லேமினேட் செய்து மின்மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம். ஓவியரின் சம்மதக் கடித நகல் உரிமையாளரிடம் ஒன்று, சங்கத்தில் ஒன்று. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைச் செலவழிக்காமல் அடுத்த பழுதுக்கென்று சங்கக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறது. சாரம் பிரிக்கும்போது மேலிருந்து கீழாக, கட்டுத்துளைகளை (சாரத்தைச் சுவரோடு பிணைக்கப் போட்ட துளைகள்) அடைத்து அங்கங்கே வண்ணம் தொட்டுக்கொண்டே இறங்க வேண்டும். முழுக்கப் பிரித்த பிறகு எட்டாது.

அடுத்த மழைக்காலம் முடிந்து ஜனவரியில் பார்த்தபோது: கைப்பிடிச்சுவர் நீட்டலின் பள்ளக்கோடு வேலை செய்கிறது, கடலில் கறுப்பு வழியவில்லை. தோளில் டேப் ஒட்டி இழுத்ததில் ஒன்றும் வரவில்லை. அடிப்பட்டையில் இரண்டு இடத்தில், ஒவ்வொன்றும் இரண்டு கை அகலத்துக்கு, உப்பு பூத்திருந்தது. போகிக்கு முந்தின வாரம் வீட்டாரே தட்டிவிட்டு ஒரு கை அடித்துவிட்டார்கள், நிறம் சற்றுக் கூடுதல் சிவப்பு. இடது ஓரத்தில் 22 அடி உயரத்தில் ஒரு கட்டுத்துளையின் அடைப்பு வட்டமாகப் பிரிந்து தெரிகிறது. இறங்கும் அவசரத்தில் பிரைமர் விட்டுப்போன துளை அது. மழைநீர் நுழையும் முன், மார்ச்சுக்குள், கயிற்றில் ஒருவர் இறங்கி அடைக்க வேண்டும். டப்பா எண் 3, நடு நீலம்.